பழைய எஸ்யூவியின் ஏர்பேக்: எஸ்ஆர்எஸ் விளக்கையும் ரீகாலையும் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்து, குழந்தைகளோடு வெளியே போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று தேடும் குடும்பங்கள் பலவும், கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றபடி, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய ஹோண்டா சிஆர்-வி, ஹோண்டா பைலட், டொயோட்டா ராவ்4, நிசான் பாத்ஃபைண்டர் போன்ற எஸ்யூவிகளில் ஒன்றைத்தான் கடைசியில் வாங்குகின்றன. எஞ்சின் சத்தம் சரியாக இருக்கிறதா, ஏசி குளிர்கிறதா, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் கவனமாகப் பார்ப்பவர்கள்கூட, ஸ்டீயரிங்கின் நடுவில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஏர்பேக்கைப் பற்றி விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அரிது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. விபத்து நேரும்வரை அதற்கு வேலையும் இல்லை.

பழைய வண்டியின் ஏர்பேக்கைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மோதல் நேரும்போது அது விரியுமா என்பது ஒன்று. விரியும்போது அதுவே உள்ளே இருப்பவரைக் காயப்படுத்தாமல் இருக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு டாஷ்போர்டில் உள்ள எஸ்ஆர்எஸ் விளக்கு, அதாவது ஏர்பேக் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு, ஓரளவுக்குப் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அந்த விளக்கால் பதில் சொல்லவே முடியாது. வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு ரீகால் பட்டியலில், அதாவது குறையைச் சரிசெய்யத் தயாரிப்பு நிறுவனம் திரும்ப அழைத்த வண்டிகளின் பட்டியலில், தேடினால்தான் விடை கிடைக்கும். விளக்கு எரியாததால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று நம்பி, ஆபத்தான இன்ஃப்ளேட்டர் (பையை வாயுவால் நிரப்பும் பாகம்) பொருத்திய வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தகாட்டா இன்ஃப்ளேட்டரில் இருந்த கோளாறு

ஏர்பேக் என்பது இறுக்கமாக மடிக்கப்பட்ட ஒரு நைலான் பை. அதன் பின்புறம் இன்ஃப்ளேட்டர் என்னும் சிறிய உலோகக் குப்பி இருக்கிறது. வண்டி மோதியதைச் சென்சார்கள் உணர்ந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் குப்பிக்கு மின்சாரத்தை அனுப்புகிறது. குப்பிக்குள் வில்லை வில்லையாக அடுக்கப்பட்டிருக்கும் எரிபொருள் தீப்பற்றி வாயுவாக மாறி, நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பையை நிரப்பிவிடுகிறது. அந்த எரிதல் எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும் என்பது துல்லியமாகக் கணக்கிடப்பட்ட ஒன்று. அதில் சிறிது பிசகினாலும் காக்கும் கருவி வெடிகுண்டாகிவிடும்.

ஜப்பானைச் சேர்ந்த தகாட்டா நிறுவனம் 2000-ஆம் ஆண்டையொட்டி, இந்த எரிபொருளாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. விலை குறைவான இந்த வேதிப்பொருளுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெப்பம் ஏறி இறங்கும்போது அதன் படிக அமைப்பு மாறி, பருமனும் மாறும். இதை ஓரளவு கட்டுப்படுத்தத் தகாட்டா வேறு பொருள்களைச் சேர்த்தது என்றாலும், பெரும்பாலான இன்ஃப்ளேட்டர்களில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியைச் சேர்க்கவில்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு பகலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, இரவில் ஆறுகிறது; இப்படிப் பல ஆண்டுகள் நடந்தபின், வில்லைகளுக்குள் நுண்ணிய துளைகளும் விரிசல்களும் தோன்றுகின்றன. அவற்றின் வழியே தீ உள்ளே புகுவதால், எரிய வேண்டிய வேகத்தைவிட மிக வேகமாக வில்லைகள் எரிந்துவிடுகின்றன. அழுத்தம் தாங்காமல் உலோகக் குப்பி வெடித்து, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. இவ்வளவும் நடக்கும் வரை மின்சுற்றில் எந்தக் குறையும் இருக்காது. எஸ்ஆர்எஸ் விளக்கு மின்சுற்றை மட்டுமே கண்காணிக்கிறது. வில்லைகளின் நிலை அதற்குத் தெரியாது.

ஹோண்டா முதன்முதலாக 2008 நவம்பரில் ஏறத்தாழ 4,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அதன்பின் ஆண்டுதோறும் பட்டியல் நீண்டு, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகளை எட்டியது. அந்நாட்டு வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய வாகன ரீகால் கிடையாது. தகாட்டா 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. அமெரிக்காவில் 28 பேர் இந்த வெடிப்பால் இறந்ததாக அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது என்எச்டிஎஸ்ஏ, உறுதிசெய்துள்ளது; காயமடைந்தவர்கள் 400-க்கும் மேல். அமெரிக்காவுக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட முதல் மரணம் 2014-இல் மலேசியாவில் நேர்ந்தது. சிட்னியின் கப்ரமட்டா பகுதியில் 2017 ஜூலையில் இறந்தவர் ஓட்டியது 2007-ஆம் ஆண்டின் ஹோண்டா சிஆர்-வி. அதற்கு அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய அரசு, நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், இந்த ரீகாலைக் கட்டாயமாக்கியது.

இவற்றுள் மிக மோசமானவை 'ஆல்ஃபா' என்று அழைக்கப்படும் இன்ஃப்ளேட்டர்கள். தயாரிப்பின்போதே பிழை நேர்ந்த இவை 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்குரா வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்தில் பொருத்தப்பட்டன. குடும்ப வண்டிகள் என்று பார்த்தால் 2002-ஆம் ஆண்டின் சிஆர்-வி, 2002-ஆம் ஆண்டின் ஒடிசி, 2003-ஆம் ஆண்டின் பைலட் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. சிவிக், அக்கார்ட் கார்களில் 2001, 2002 ஆகிய ஆண்டுகளுக்குரியவை உள்ளன. ஏர்பேக் விரிய நேர்ந்தால் இவை வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன என்று என்எச்டிஎஸ்ஏ 2016 ஜூனில் அறிவித்தது. அப்போதே ஏறத்தாழ 3,13,000 வண்டிகள் சரிசெய்யப்படாமல் சாலையில் இருந்தன. 2023 பிப்ரவரியிலும் ஏறத்தாழ 8,200 வண்டிகள் மிஞ்சியிருந்ததால், அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று ஹோண்டா எச்சரித்தது. டொயோட்டா 2024 ஜனவரியில் 2004, 2005-ஆம் ஆண்டுகளின் ராவ்4 உள்ளிட்ட பழைய வண்டிகளுக்கும், நிசான் 2024 மே மாதத்தில் 2002 முதல் 2004 வரையிலான பாத்ஃபைண்டர் உள்ளிட்டவற்றுக்கும் இதே எச்சரிக்கையை விடுத்தன.

முதல் வேலை: வின் எண்ணைக் கொண்டு தேடுவது

வண்டியின் மாடலும் ஆண்டும் தெரிந்தால் போதாது. ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு சிஆர்-விகளில் ஒன்று பட்டியலில் இருக்கலாம், மற்றொன்று இல்லாமலும் இருக்கலாம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே சரிசெய்தும் இருக்கலாம். எனவே, அந்த ஒரு வண்டிக்கே உரிய 17 இலக்க அடையாள எண், அதாவது வின் எண், தேவை. ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி அது பொறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் உள்ள ஸ்டிக்கரிலும், பதிவுச் சான்றிலும், காப்பீட்டு அட்டையிலும் அதே எண் இருக்கும். முன்கண்ணாடியில் உள்ளதும் கதவு நிலையில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. மாறுபட்டால் அந்த வண்டியை வாங்காமல் விலகிவிடுங்கள். வின் எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் ஒருபோதும் வராது. ஆகவே, வட்டமாகத் தெரிவது சுழியம், கோடாகத் தெரிவது ஒன்று என்று கொண்டு தட்டச்சு செய்யலாம்.

இந்த எண்ணை என்எச்டிஎஸ்ஏ இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் உள்ளிட்டால், உங்கள் வண்டியில் சரிசெய்யப்படாமல் நிலுவையில் இருக்கும் ரீகால்கள் உடனே தெரியும். கட்டணம் கிடையாது; பெயரையோ முகவரியையோ தர வேண்டியதும் இல்லை. இணையம் கைவராத பெரியவர்கள் 888-327-4236 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். அந்தத் தேடல் பக்கம் கடந்த 15 ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட ரீகால்களை மட்டுமே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. 2008, 2009-ஆம் ஆண்டுகளின் முதல் அறிவிப்புகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. எனவே, இருபது ஆண்டு வண்டி வைத்திருப்பவர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த ரீகால் பக்கத்திலும் அதே எண்ணைத் தேட வேண்டும், அல்லது அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து எண்ணை வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். இரண்டு இடங்களிலும் தேடுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

தேடலின் விடையில் ஏர்பேக் அல்லாத ரீகால்களும் வரக்கூடும். எடுத்துக்காட்டாக, 2002 முதல் 2006 வரையிலான சிஆர்-விகளில் ஓட்டுநர் கதவின் பவர் விண்டோ சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்து தீப்பிடிக்கக்கூடும் என்று 2012-இல் ஒரு ரீகால் வந்தது. ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்பதால், பட்டியல் முழுவதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரீகால் கடிதம் வரவில்லை என்பதால் ரீகால் இல்லை என்று ஆகிவிடாது. டெக்சஸில், ஹூஸ்டனை அடுத்த ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், 2016 மார்ச்சில் 17 வயதுப் பெண் ஒருவர் 2002-ஆம் ஆண்டின் சிவிக் ஓட்டிச் சென்றபோது, முன்னால் சென்ற வண்டியில் இடித்து, வெடித்த ஏர்பேக்கின் உலோகத் துண்டால் உயிரிழந்தார். மற்றபடி நடந்தே வெளியேறியிருக்கக்கூடிய விபத்து அது என்று அதை விசாரித்த அதிகாரிகள் கூறினர். அந்தக் கார் 2011-லேயே ரீகால் செய்யப்பட்டிருந்தது. பலமுறை கடிதம் அனுப்பியதாக ஹோண்டா சொன்னது. தங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். பல கை மாறிய வண்டிக்கான கடிதங்கள் யாருடைய பழைய முகவரிக்கோ போய்ச் சேர்வது இயல்பாக நடப்பதுதான். ஆகவே, வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிய வாரத்திலேயே, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலும் உங்கள் முகவரியை உரிமையாளர் என்று பதிவுசெய்யுங்கள்.

ரீகால் இருக்கிறது என்று தெரிந்தால்

அதே நிறுவனத்தின் எந்த டீலரிடமும் இந்தப் பழுதுபார்ப்பைச் செய்துகொள்ளலாம். வண்டியை எங்கே, யாரிடம் வாங்கினீர்கள், நீங்கள் எத்தனையாவது உரிமையாளர், வாரண்டி முடிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பவை எதுவும் தடையல்ல. தகாட்டா ரீகாலுக்கு வண்டி எவ்வளவு பழையதானாலும் கட்டணம் வாங்கக் கூடாது. டீலரின் சர்வீஸ் பிரிவுக்கு அழைத்து, "என் வண்டியில் தகாட்டா ஏர்பேக் ரீகால் நிலுவையில் இருக்கிறது; இதுதான் வின் எண்; உதிரிபாகம் கையிருப்பில் இருக்கிறதா, எந்த நாளில் வரலாம்?" என்று இவ்வளவை மட்டும் கேட்டால் போதும். வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

விடையில் 'ஓட்ட வேண்டாம்' என்ற எச்சரிக்கை இருந்தால், வண்டியை டீலரிடம் ஓட்டிச் செல்லவும் கூடாது. ஹோண்டா போன்ற நிறுவனங்கள் வண்டியை இலவசமாக இழுத்துச் சென்று சரிசெய்து தருகின்றன. தேவைப்பட்டால் மாற்று வண்டியும் தருகின்றன. ஆனால் நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. எனவே தயங்காமல் கேளுங்கள். மொழி காரணமாகத் தொலைபேசியில் பேசத் தயங்குபவர்கள், ஆங்கிலம் நன்கு பேசும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டாவது அன்றே அழைத்துவிட வேண்டும். பெற்றோர் பெயரில் வண்டி இருக்கும் வீடுகளில், இந்த அழைப்பைப் பிள்ளைகள் செய்து கொடுப்பது பெரிய உதவி.

டீலரிடம் போனபின், ரீகால் வேலையோடு வேறு பல பழுதுகளையும் சொல்லி ஒரு நீண்ட மதிப்பீட்டைக் கையில் கொடுப்பது வழக்கம். அவற்றுக்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவற்றை மறுத்தால் ரீகால் வேலையைச் செய்ய மாட்டோம் என்று யாரும் சொல்லவும் முடியாது. கட்டணம் கேட்டாலோ, உதிரிபாகம் இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தாலோ, முதலில் வேறொரு டீலரிடம் கேளுங்கள். பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் புகார் எண் பெறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் என்எச்டிஎஸ்ஏவிடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். யாருடன் பேசினோம், எந்தத் தேதியில் பேசினோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், மூன்றாவது அழைப்பில் பேச்சு மிக எளிதாகிவிடும்.

வேலை முடிந்ததும் தரப்படும் ரசீதில் ரீகாலின் எண்ணும், ஓட்டுநர் பக்கமா பயணி பக்கமா என்ற விவரமும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். ஓட்டுநர் பக்கத்துக்கும் பயணி பக்கத்துக்கும் தனித்தனி ரீகால்கள் உண்டு. ஒன்றைச் சரிசெய்ததால் மற்றதும் முடிந்துவிட்டதாகாது. அதைவிட முக்கியமானது, ஒருமுறை மாற்றப்பட்ட பாகமே மீண்டும் ரீகாலுக்கு உள்ளாகியிருப்பது. முந்தைய ரீகாலில் மாற்றிக் கொடுக்கப்பட்ட ஓட்டுநர் பக்கத்துத் தகாட்டா இன்ஃப்ளேட்டர்களிலும் குறை இருப்பது தெரியவந்ததால், ஹோண்டா 2019 மார்ச்சில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளை இரண்டாம் முறையாக அழைத்தது. "முன்பு வைத்திருந்தவர் எல்லாம் மாற்றிவிட்டார்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவர்கள், அவர் மாற்றியது 2019-க்கு முன்பா பின்பா என்பதைப் பார்க்க வேண்டும். வின் தேடலை ஆண்டுக்கு இருமுறையாவது மீண்டும் செய்யச் சொல்வது இதனால்தான்.

பழுது நீங்கும்வரை என்ன செய்வது? குறை பயணி பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மற்றவர்கள் பின்னால் அமரலாம். ஓட்டுநர் பக்கத்தில் இருந்தால், வேறு வண்டி கிடைக்கும் வழியைத் தேடுங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த டெக்சஸ், ஃபுளோரிடா, லூயிசியானா, ஹவாய் போன்ற மாநிலங்களில் இந்த இன்ஃப்ளேட்டர்கள் வேகமாகக் கெடுவதால், அங்கே பல ஆண்டுகள் இருந்த வண்டியென்றால் இன்னும் அவசரம். வண்டி இப்போது மிச்சிகனில் இருந்தாலும், முதல் பத்து ஆண்டுகளை மயாமியில் கழித்திருக்கலாம். வாகன வரலாற்று அறிக்கையில் அது தெரியும். ஏர்பேக்கின் இணைப்பை நாமே கழற்றிவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். அதைச் செய்யவே கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்தியாவிலோ மலேசியாவிலோ பழைய ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கும் இந்த ரீகால் பொருந்தக்கூடும். ஆனால் அமெரிக்கத் தேடல் பக்கம் அவர்களுக்குப் பயன்படாது. அந்தந்த நாட்டு ஹோண்டா நிறுவனத்தின் இணையதளத்தில்தான் வின் எண்ணை உள்ளிட வேண்டும். சென்னையின் வெயிலும் ஈரக்காற்றும் ஃபுளோரிடாவுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

எஸ்ஆர்எஸ் விளக்கு சொல்வதைப் படிப்பது

இனி முதல் கேள்விக்கு வருவோம். எஞ்சினை இயக்காமல், சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால், டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரியும். அவற்றுள் எஸ்ஆர்எஸ் விளக்கும், அல்லது பையின் முன் ஒருவர் அமர்ந்திருக்கும் சிறு படமும், சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கோளாறு உண்டு என்பதை எல்லோரும் அறிவார்கள். எரியவே இல்லையென்றாலும் அதே அளவுக்குக் கோளாறு உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கோளாற்றை மறைத்து விற்பதற்காக அந்தச் சிறு பல்பைக் கழற்றிவிடுபவர்களும், அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன், விற்பவர் சாவியைத் திருப்பும்போது அந்த ஒரு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், மோதலின்போது ஏர்பேக்குகள் விரியாமல் போகலாம். சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் அமைப்பும் இயங்காமல் போகலாம். ஆனால் காரணம் எப்போதும் பெரிய செலவு வைப்பதாக இருக்காது. பழைய எஸ்யூவிகளில் அடிக்கடி பழுதாவது சீட் பெல்ட்டின் பக்கிள். அதற்குள் விழுந்த காசோ, சிந்திக் காய்ந்த பழச்சாறோ உள்ளிருக்கும் சுவிட்சைக் கெடுத்துவிடும். பெல்ட் பழுதுகளுக்கு ஹோண்டா அமெரிக்காவில் வண்டியின் ஆயுள் முழுவதும் வாரண்டி தருவதால், பக்கிள்தான் காரணம் என்று தெரிந்தால், அது அந்த வாரண்டியில் வருமா என்று டீலரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். முன்னிருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று இருக்கும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களை அடியில் திணித்தும் இருக்கையை முன்னும் பின்னும் இழுத்தும் அது தளர்ந்துவிடும். பேட்டரி பலவீனமானாலும் விளக்கு எரியக்கூடும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருள் நாடாவாக ஒரு கம்பி இருக்கிறது. அது அறுந்தால் ஏர்பேக்குக்குப் போகும் மின்சாரம் நிற்பதோடு, ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யாமல் போகலாம். விளக்கு எரியும் வண்டியில் ஹாரனும் ஒலிக்கவில்லையென்றால் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள். தேடும் நேரம் குறையும்.

பயணி இருக்கையில் அமர்ந்திருப்பவரின் எடையை அறியும் சென்சாரும் கோளாறுக்கு ஒரு காரணம். குழந்தையோ சிறு உருவமுள்ளவரோ அமர்ந்தால் ஏர்பேக்கை அடக்கி வைப்பது அதன் வேலை. இது பழைய வண்டிகளுக்கு மட்டும் உரிய கவலையல்ல: 2020 முதல் 2022 வரையிலான சிஆர்-வி, பைலட் உள்ளிட்ட ஏறத்தாழ 7,50,000 வண்டிகளை, இந்தச் சென்சார் விரிசலுற்று அடக்க வேண்டிய ஏர்பேக்கை அடக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதால், ஹோண்டா 2024 பிப்ரவரியில் அழைத்தது.

எந்தப் பாகத்தில் குறை என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி குறியீடாகப் பதிந்து வைத்திருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். எஸ்ஆர்எஸ் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள பட்டறையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மற்ற பழுதுகளை வீட்டிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏர்பேக்கின் கம்பிகள் மஞ்சள் நிற உறையிலோ இணைப்பிலோ அடையாளம் காட்டப்பட்டிருக்கும்; அவற்றின் அருகே எந்த வேலையானாலும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிக் குறைந்தது மூன்று நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருப்பதே காரணம். இன்ஃப்ளேட்டரில் மல்டிமீட்டர் வைத்து அளப்பதும் ஆபத்து. அளக்க அனுப்பும் சிறு மின்னோட்டமே அதைத் தூண்டிவிடக்கூடும். ரீகால் நிலுவையில் இருக்கும் இன்ஃப்ளேட்டரை, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வீட்டுக் கராஜில் கழற்றுவது உயிரோடு விளையாடுவது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ரீகால் நிலுவையில் உள்ள பழைய வண்டியை விற்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுத் தடை இல்லை. புதிய வண்டிகளுக்கு அந்தத் தடை உண்டு. பெரிய வாடகை வண்டி நிறுவனங்களுக்கும் 2016 முதல் உண்டு. பழைய வண்டி விற்பவருக்கு மட்டும் இல்லை. இது எனக்கு இன்றும் ஏற்க முடியாத ஒன்று. எனவே, பணம் கொடுப்பதற்கு முன் வின் தேடலைச் செய்யும் பொறுப்பு வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது. நிலுவை இருந்தால் வாங்கவே கூடாது என்பதில்லை. விற்பவரே டீலரிடம் சரிசெய்து ரசீதோடு வரட்டும் என்று கேட்கலாம்.

விபத்துக்குள்ளாகிச் சரிசெய்யப்பட்ட வண்டிகளில் வேறொரு ஆபத்து உண்டு. ஒருமுறை விரிந்த ஏர்பேக்குக்குப் பதிலாக, தரமற்ற போலி இன்ஃப்ளேட்டரையோ, பழைய வண்டிக் கிடங்கிலிருந்து எடுத்ததையோ பொருத்திவிடுகிறார்கள். இப்படிப்பட்ட மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர்களால் மூன்று பேர் இறந்ததாகவும், இருவருக்கு வாழ்க்கையையே மாற்றிவிடும் கடுமையான காயம் ஏற்பட்டதாகவும் என்எச்டிஎஸ்ஏ 2024-இல் எச்சரித்தது. இதை வின் தேடல் காட்டாது. வாகன வரலாற்று அறிக்கையில் 'சால்வேஜ்' (பெரும் சேதமடைந்து கைவிடப்பட்ட வண்டி) என்றோ, ஏர்பேக் விரிந்ததாகவோ குறிப்பு இருந்தால், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். ஸ்டீயரிங் நடு மூடியின் நிறம் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டின் பயணி பக்கத்தில் வெட்டி ஒட்டிய தையலோ பொருந்தாத இடைவெளியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்புறம் முழுவதும் புதுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியில் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

தகாட்டா தவிர்த்த வண்டியாக வாங்கிவிட்டால் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர் வெடித்ததை அடுத்து, ஜெனரல் மோட்டார்ஸ் 2023 மே மாதத்தில் 2014 முதல் 2017 வரையிலான செவர்லே டிராவர்ஸ், பியூக் என்க்ளேவ், ஜிஎம்சி அக்காடியா ஆகிய மூன்று வரிசை எஸ்யூவிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தை அழைத்தது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் தேடும் முறை ஒன்றுதான்.

உட்காரும் முறையும் ஆவணங்களும்

நல்ல நிலையில் உள்ள ஏர்பேக்கும் பெருவேகத்தில் விரிவது என்பதால், ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள் இருக்கையின் சாய்வைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இதைப் பெறலாம். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. 12 வயது வரையிலான பிள்ளைகள் பின்னிருக்கையில்தான் அமர வேண்டும். அழுகிறது என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் அமரும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: விரியும் பைக்கும் பெரியவரின் உடலுக்கும் நடுவில் அந்தக் குழந்தை நசுங்கிவிடும்.

ஏர்பேக் காரணமின்றி விரிந்தாலோ, விரிய வேண்டிய மோதலில் விரியாமல் போனாலோ, என்எச்டிஎஸ்ஏவின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். விசாரணையைத் தொடங்குவதா வேண்டாமா என்று அந்த நிர்வாகம் முடிவெடுக்க, தனி உரிமையாளர்கள் அனுப்பும் இத்தகைய புகார்கள் துணையாகின்றன. அவ்வாறான வண்டியை உடனே விற்றுவிடாமல், படங்கள் எடுத்து, பாகங்களைக் கழற்றாமல் வைத்திருங்கள்.

ரீகால் ரசீதுகளின் நகல் ஒன்றை வண்டியின் கையேட்டோடும், மற்றொன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது, சாவியோடு அந்த ரசீதுகளையும் கொடுத்து, உங்கள் பெயரில் உள்ள உரிமையாளர் பதிவை நிறுவனத்தின் இணையதளத்தில் நீக்கிவிடுங்கள். அடுத்து வரும் ரீகால் கடிதம் வாங்கியவரைச் சென்றடைய அவரையும் தம் முகவரியைப் பதியச் சொல்லுங்கள். வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதாக இருந்தாலும், நிலுவையில் உள்ள ஏர்பேக் ரீகாலை முதலில் முடித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அதே இன்ஃப்ளேட்டர் கிடங்கிலிருந்து இன்னொருவருடைய ஸ்டீயரிங்குக்குள் போய்ச் சேரக்கூடும்.